தகவல் கட்டுரை எழுத வைக்கிறது எப்படி? 6, 7, 8ம் வகுப்பு பிள்ளைங்களுக்காக அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைங்களுக்கு கட்டுரை சொல்லிக்கொடுக்கிற டீச்சர்களும் சரி, வீட்டுல பக்கத்துல உக்காந்து எழுத வைக்கிற அப்பா அம்மாவும் சரி, கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்ப கேக்கறாங்க. தனித்தனியா பதில் சொல்லிட்டு இருக்கிறதுக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டா தேவலைன்னு தோணிச்சு. கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். மேலேர்ந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில்ல முன்னாடி சொன்னதை மறுபடி விளக்க மாட்டேன்.

தகவல் கட்டுரைன்னா தனியா என்ன? எல்லா கட்டுரையும் தகவல்தானே சொல்லுது?

ஒரு விஷயம் தெரியாத ஒருத்தர் படிச்சு முடிச்சதும் அந்த விஷயம் அவருக்குப் புரிஞ்சிருக்கணும், அதுக்குன்னு எழுதறதுதான் தகவல் கட்டுரை. வௌவால் இருட்டுல எப்படி இரை பிடிக்குது, சோப்பு எப்படி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்குது, கிரகணம் ஏன் மாசாமாசம் வர்றதில்ல, இந்த மாதிரி. கதைன்னா படிக்கிறவர் ரசிக்கணும், வாதம் பண்ற கட்டுரைன்னா ஒத்துக்கணும், இதுல புரிஞ்சுக்கணும்.

நம்ம பிள்ளைங்க பழகினது வேற. "மரங்கள் மனித வாழ்வுக்கு இன்றியமையாதவை, மரங்கள் நமக்கு நிழல் தருகின்றன, எனவே மரம் வளர்ப்போம்"னு ஒரு பக்கம் எழுதுவாங்க, தப்பு ஒண்ணும் இருக்காது, ஆனா படிச்சு முடிச்சா மரத்தைப் பத்தி நமக்குப் புதுசா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. வேர்ல இருக்கிற தண்ணி அவ்வளவு உயரத்துல இருக்கிற இலைக்கு எப்படி ஏறுதுன்னு அதே பிள்ளை சொன்னா அது தகவல் கட்டுரை.

ஆறாம் வகுப்புக்கு இது சீக்கிரம் இல்லையா? இன்னும் ரெண்டு வருஷம் போகட்டுமே

சீக்கிரம்லாம் இல்ல. இந்த வயசுப் பையன் தனக்குப் பிடிச்ச வீடியோ கேம் ரூல்ஸை தெரியாத ஃபிரெண்டுக்கு சொல்றதை ஒரு தடவை ஒளிஞ்சு நின்னு கேளுங்க. எதை முதல்ல சொல்லணும், எங்க நிறுத்தி "புரிஞ்சுதா"ன்னு கேக்கணும், எங்க உதாரணம் குடுக்கணும் எல்லாம் சரியா வரும். அந்தத் திறமை வாயில ஏற்கனவே இருக்கு, அதைக் காகிதத்துக்குக் கொண்டு வர்றதுதான் நம்ம வேலை.

எந்த மாதிரி தலைப்பு குடுக்கணும்? நான் எப்பவும் "நீர்", "விலங்குகள்"னுதான் குடுக்கறேன்

அதெல்லாம் தலைப்பே இல்ல, கடல். பெரிய தலைப்பு குடுத்தா பிள்ளை மேலோட்டமா எல்லாத்தையும் தொட்டுட்டு எதையும் சொல்லாம முடிச்சுடும், அது பிள்ளை மேல தப்பு இல்ல. தலைப்பை ஒரு கேள்வியா மாத்துங்க. "வௌவால்" ரொம்பப் பெருசு. "வௌவாலுக்கு எத்தனை கால்" ரொம்பச் சின்னது, ஒரே வரியில முடிஞ்சுடும். "வௌவால் ஏன் தலைகீழா தொங்குது, ஏன் விழறதில்ல" இது சரியான சைஸ். பதில் சொல்ல ரெண்டு மூணு பத்தியாவது வேணும்னு இருக்கணும், ஆனா ஒரு புஸ்தகமே வேணும்னு இருக்கக் கூடாது.

முடிஞ்ச வரைக்கும் பிள்ளையையே தேர்ந்தெடுக்க விடுங்க. பொதுத் தலைப்பை நீங்க சொல்லுங்க, அதுக்குள்ள கேள்வி அவங்களோடது. தனக்கே பதில் தெரியணும்னு ஆசை இருக்கிற கேள்வியை எடுத்த பிள்ளை எழுதறதுக்கும், நாம திணிச்ச கேள்விக்கு எழுதறதுக்கும் இருக்கிற வித்தியாசம் முதல் பத்தியிலயே தெரிஞ்சுடும்.

தலைப்பு குடுத்தாச்சு. பேனாவை வாயில வெச்சுட்டு அரை மணி நேரமா சும்மா உக்காந்திருக்கான். எப்படி ஆரம்பிக்க வைக்கிறது?

பெரும்பாலும் அவனுக்கு எழுத வராம இல்ல, எழுத உள்ள ஒண்ணும் இல்ல. சரக்கு இல்லாதப்போ பேனாவை மட்டும் கையில குடுத்தா அவன் என்ன பண்ணுவான் பாவம். முதல்ல பேச விடுங்க. அந்த விஷயம் தெரியாத ஒரு பிள்ளையை எதிர்ல உக்கார வெச்சு, "வௌவாலைப் பத்தி உனக்கு என்னெல்லாம் தெரிஞ்சுக்கணும், கேளு"ன்னு சொல்லுங்க. வர்ற கேள்விகளை ஒவ்வொண்ணா சின்ன சீட்டுல எழுதச் சொல்லுங்க. ஏன் தலைகீழா தொங்குது, தூங்கும்போது கை விட்டுடாதா, அப்படியே எப்படி பறக்கக் கிளம்பும், குட்டி எங்க இருக்கும், இப்படி பத்து கேள்வி வரும்.

அப்புறம் சீட்டெல்லாம் தரையில பரப்பி, ஒட்டின கேள்விகளை ஒண்ணா சேர்த்து, எது முதல்ல தெரிஞ்சா அடுத்தது புரியும்னு வரிசைப்படுத்தச் சொல்லுங்க. தலைப்புக்கு சம்பந்தமில்லாத சீட்டை ஓரமா வைக்கச் சொல்லுங்க. இப்ப அவன் முன்னாடி கிடக்கிறதுதான் கட்டுரையோட எலும்புக்கூடு, "சட்டகம் போடு"ன்னு நீங்க சொல்லாமலே போட்டுட்டான். இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் வேற வேற விதமா சொல்லிட்டு வரப்போறேன், படிக்கிறவர் அடுத்து என்ன கேப்பார்னு பிள்ளை யோசிக்கப் பழகிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

தகவல் தேடிட்டு வாடான்னா நெட்ல இருக்கிறதை அப்படியே எழுதிட்டு வர்றாங்க. அர்த்தம் கேட்டா முழிக்கிறாங்க

"காப்பி அடிக்காதே"ன்னு சொன்னா போதாது, காப்பி அடிக்காம எப்படி எடுக்கிறதுன்னு நாமதான் காட்டணும், அதை யாருமே சொல்லிக்குடுக்கிறதில்ல. வழி இதுதான்: ஒரு பத்தி படி, மூடு, என்ன சொல்லியிருக்குன்னு வாயால சொல்லு, அப்புறம் மூடினபடியே நாலஞ்சு வார்த்தையில குறிப்பு எழுது. முழு வாக்கியம் எழுதக் கூடாது, இந்த ரூல்ல மட்டும் கறாரா இருங்க. முழு வாக்கியமா எடுத்தா அதுவே கட்டுரைக்குள்ள வந்து உக்காந்துடும்.

உதாரணத்துக்கு, பிள்ளை படிச்சது இப்படி இருக்குன்னு வெச்சுக்குவோம்: "வௌவாலின் கால்களிலுள்ள தசைநாண்கள் உடல் எடையால் இழுக்கப்படும்போது விரல்கள் தாமாகவே இறுகிப் பூட்டிக்கொள்வதால், தசை ஆற்றலைச் செலவிடாமலேயே அது தொங்க இயலுகிறது." மூடிட்டு எடுக்கிற குறிப்பு: "எடை இழுக்குது, விரல் தானா பூட்டிக்குது, பலம் செலவில்ல". மறுநாள் அந்தக் குறிப்பை மட்டும் வெச்சு எழுதினா இப்படி வரும்: "வௌவால் தொங்கும்போது அதன் எடையே கால் விரல்களை இழுத்துப் பூட்டிவிடுகிறது. அதனால்தான் தூங்கும்போதுகூட அது விழுவதில்லை." இது அந்தப் பிள்ளையோட வாக்கியம். குறிப்புக்கும் எழுதறதுக்கும் நடுவுல ஒரு நாள் இடைவெளி விட்டா இன்னும் நல்லா வரும்.

எங்கேர்ந்து எடுத்தான்னு புஸ்தகம் பேரோ தளத்தோட பேரோ குறிப்புக்குப் பக்கத்துலயே எழுத வெச்சுடுங்க. இந்த வயசுல அவ்வளவு போதும்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு எழுதச் சொன்னா போதாதா?

அது தப்பு இல்ல, ஆனா அது மூணு பெட்டிக்கு ஒட்டற லேபிள், உள்ள என்ன வைக்கணும்னு அது சொல்றதில்ல. பொருளுரைங்கற பேருல ஒரே பத்தியா முக்கால் பக்கம் எழுதிடறாங்க. மேல சொன்ன சீட்டு வரிசை இருந்தா இந்தப் பிரச்சனை வராது, ஒவ்வொரு கேள்விக்கூட்டமும் ஒரு பத்தி.

முன்னுரையை எப்படி ஆரம்பிக்கிறது? எல்லாரும் பழமொழியோ குறளோ போடறாங்க

குறள் நிஜமாவே அந்த விஷயத்தைப் பத்தி ஏதாவது சொல்லுதுன்னா போடட்டும், அழகாத்தான் இருக்கும். ஆனா "என்ற பழமொழிக்கிணங்க"ன்னு ஒட்ட வெச்சுட்டு அடுத்த வரியில வேற எங்கயோ போனா, படிக்கிறவருக்கு இந்தக் கட்டுரை எதைப் பத்தினதுன்னு நாலு வரி தாண்டியும் தெரியாது. முன்னுரைக்கு வேலை ரெண்டே ரெண்டு, எதைப் பத்தி பேசப்போறோம்னு சொல்லணும், அதைத் தெரிஞ்சுக்க ஆசை வரவைக்கணும்.

"பாலூட்டிகளில் உண்மையாகப் பறக்கக்கூடியது வௌவால் மட்டுமே. ஆனால் பறக்காத நேரத்தின் பெரும்பகுதியை அது தலைகீழாகத் தொங்கியே கழிக்கிறது. அது ஏன் விழுவதில்லை?" இது போதும், மூணு வரி. இன்னொண்ணு, முன்னுரையைக் கடைசில எழுத விடுங்க. என்ன சொல்லப்போறோம்னு தெரியறதுக்கு முன்னாடியே முன்னுரை எழுதறது பெரியவங்களுக்கே கஷ்டம்.

ஒரு பத்தில எத்தனை வரி இருக்கணும்?

வரியை எண்ண வேண்டாம். ஒரு பத்தி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும், பதில் முடிஞ்சா பத்தி முடிஞ்சுது. ஏழாவது படிக்கிற பிள்ளைங்ககிட்டேர்ந்து வழக்கமா வர்ற மாதிரி ஒரு பத்தியைப் பாருங்க: "வௌவால் ஒரு பாலூட்டி ஆகும். வௌவால் இரவில் பறக்கும். அதற்கு எதிரொலி மூலம் தெரியும். வௌவால்களில் பல வகை உண்டு. வௌவால் பூச்சிகளை உண்ணும். அது மிகவும் அற்புதமான உயிரினம் ஆகும்." ஆறு வாக்கியம், ஆறும் ஆறு திசையில போகுது. "எதிரொலி மூலம் தெரியும்", இந்த இடத்துலதான் விஷயமே இருக்கு, அங்கதான் பிள்ளை நிக்கவே இல்ல. என்ன தெரியும்? எப்படி தெரியும்? இதைத்தான் நாம பக்கத்துல எழுதணும், வேற எதுவும் திருத்த வேண்டாம்.

அந்த ஒரு கேள்வியைப் பிடிச்சுட்டுப் போனா பத்தி இப்படி மாறும்: "இருட்டில் பூச்சி பிடிக்கும் வௌவால், கண்ணைவிடக் காதையே அதிகம் நம்புகிறது. பறக்கும்போது அது விடாமல் ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். வௌவாலின் ஒலி பெரும்பாலும் அதற்கும் மேலே இருப்பதால் நமக்குக் கேட்பதில்லை. அந்த ஒலி ஒரு பூச்சியின் மேல் பட்டுத் திரும்பி வருகிறது. எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதை வைத்தே பூச்சி இருக்கும் தூரத்தை வௌவால் கண்டுகொள்கிறது." பாலூட்டிங்கறது வேற பத்திக்குப் போயிடுச்சு, "அற்புதமான உயிரினம்" தானா காணாமப் போயிடுச்சு, ஏன்னா அதை இப்ப படிக்கிறவரே சொல்லிக்குவார்.

"தெளிவா எழுது"ன்னு சொல்றேன், "தெளிவாத்தானே எழுதியிருக்கேன்"னு சொல்றா. தெளிவுன்னா என்னன்னு எப்படிப் புரியவைக்கிறது?

அவ பொய் சொல்லல, அவளுக்கு நிஜமாவே தெளிவாத்தான் இருக்கு. 1990ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல எலிசபெத் நியூட்டன்னு ஒரு ஆராய்ச்சி மாணவி ஒரு சோதனை பண்ணாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டை ஒருத்தர் மேஜையில விரலால தட்டணும், கேக்கறவர் அது என்ன பாட்டுன்னு சொல்லணும். பாதிப்பேராவது கண்டுபிடிச்சுடுவாங்கன்னு தட்டினவங்க நினைச்சாங்க, ஆனா 120 பாட்டுல சரியா சொன்னது 3தான். தட்டறவர் மனசுக்குள்ள பாட்டு முழுசா ஓடிட்டு இருக்கு, கேக்கறவருக்கு வெறும் டக்டக். எழுதற பிள்ளைக்கும் இதேதான் நடக்குது. இதை வகுப்புல அப்படியே பண்ணிப் பாருங்க, அஞ்சு நிமிஷம்தான் ஆகும், தெளிவைப் பத்தின பாடம் அதுலயே முடிஞ்சுடும்.

அப்புறம் செய்ய வேண்டியது, எழுதினதை வேற பிள்ளைகிட்ட குடுத்து சத்தமா படிக்க வைக்கிறது. எழுதின பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது, விளக்கக் கூடாது. படிக்கிறவன் எங்க தடுமாறறானோ, எங்க திரும்பிப் போய் படிக்கிறானோ, அங்க பென்சில்ல ஒரு கோடு. அந்தக் கோடு விழுந்த இடம்தான் தெளிவில்லாத இடம், டீச்சர் சொல்லித் தெரிய வேண்டியதே இல்ல.

ஒண்ணு துண்டு துண்டா எழுதறாங்க, இல்லன்னா ஒரே வாக்கியம் அரைப் பக்கம் போகுது

ரெண்டுக்கும் ஒரே பயிற்சிதான், வாக்கியங்களைச் சேர்க்கிறது, பிரிக்கிறது. நாலு குட்டி வாக்கியம் குடுங்க: "ஒட்டகம் பாலைவனத்தில் வாழ்கிறது. ஒட்டகத்துக்குத் திமில் உண்டு. திமிலில் கொழுப்பு உண்டு. உணவு கிடைக்காதபோது அந்தக் கொழுப்பு உதவும்." இதை ஒண்ணாவோ ரெண்டாவோ சேர்க்கச் சொல்லுங்க. "பாலைவனத்தில் வாழும் ஒட்டகம், உணவு கிடைக்காத நாட்களில் தன் திமிலில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டு சமாளிக்கிறது"ன்னு ஒருத்தன் எழுதுவான், இன்னொருத்தன் வேற மாதிரி சேர்ப்பான், ரெண்டையும் போர்டுல எழுதி எது படிக்க சுகமா இருக்குன்னு பேசுங்க.

நீள வாக்கியத்துக்கு தமிழ்ல ஒரு தனி ஆபத்து இருக்கு. போய், பார்த்து, எடுத்து, வைத்துன்னு எச்சமா அடுக்கிட்டே போலாம், இலக்கணம் தடுக்காது, ஆனா யார் எதைப் பண்ணாங்கங்கறது நடுவுல தொலைஞ்சு போயிடும். ஒரே மூச்சுல சத்தமா படிக்க முடியலன்னா பிரிச்சுடுன்னு சொல்லிக்குடுங்க, எளிமையா மனசுல நிக்கும்.

எங்க பார்த்தாலும் "மேலும்" "மேலும்"னு வருது

ரெண்டு விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்னு பிள்ளை யோசிக்கல, அதான் "மேலும்". அதை அடிச்சுட்டு பக்கத்துல "காரணமா? எதிரா? உதாரணமா?"ன்னு எழுதுங்க. காரணம்னா "அதனால்", "ஏனென்றால்". எதிர்னா "ஆனால்". எதுவுமே இல்லன்னா அந்த வாக்கியம் ஒருவேளை அந்த இடத்துக்கே சொந்தமில்லாம இருக்கலாம்.

பேசற மாதிரியே எழுதறாங்களே, திருத்தணுமா விட்டுடணுமா?

முதல் டிராஃப்ட்ல விட்டுடுங்க, முழுசா. யோசிக்கிறதையும் எழுத்துநடையையும் ஒரே நேரத்துல பிடின்னு சொன்னா பிள்ளை யோசிக்கிறதைத்தான் விட்டுடும், பாதுகாப்பான வெத்து வாக்கியமா எழுதிட்டு எழுந்து போயிடும். விஷயம் காகிதத்துல வந்தப்புறம், "சொல்லுது"வை "சொல்கிறது" ஆக்கறது ஒரு பத்து நிமிஷ வேலை. ற, ர, ண, ன குழப்பமும் ஒற்று விட்டதும் அப்படியேதான், கடைசி சுத்துல பாத்துக்கலாம்.

ஆனா ஒண்ணு, எழுத்துநடைன்னா உடனே "ஆகும்", "திகழ்கிறது", "விளங்குகிறது"ன்னு எல்லாத்தையும் முடிக்கணும்னு பிள்ளைங்க நினைச்சுக்கறாங்க. அதை நாம வளர்க்க வேண்டாம். "வௌவால் ஒரு பாலூட்டியாகத் திகழ்கிறது"ல திகழறதுக்கு என்ன இருக்கு, "வௌவால் ஒரு பாலூட்டி" போதும்.

கஷ்டமான சொற்களை எப்படிக் கையாளச் சொல்றது? பயன்படுத்தணுமா வேண்டாமா?

பயன்படுத்தணும், ஆனா முதல்ல விஷயம், அப்புறம் பேரு. ஒலி பட்டுத் திரும்பறதை விளக்கிட்டு "இதற்கு எதிரொலி இடமறிதல் என்று பெயர்"னு சொன்னா படிக்கிறவர் பேரைப் பிடிச்சுக்குவார். பேரை முதல்ல போட்டுட்டு விளக்காம போறதுதான் தப்பு.

முதல்ல இலக்கணம் சரியா வரட்டும், அப்புறம் கட்டுரைக்குப் போலாம்னு நினைக்கிறேன். சரிதானே?

இல்லங்க, இதுல நான் உறுதியாவே மறுக்கறேன். 2007ல ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின்னு ரெண்டு ஆய்வாளர்கள் நாலாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் எழுதக் கத்துக்குடுக்கிறது பத்தி வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தாங்க. திட்டமிட, எழுத, திருத்த படிப்படியா வழி சொல்லிக்குடுக்கிறதும், படிச்சதைச் சுருக்கி எழுத வைக்கிறதும் நல்ல பலன் குடுத்ததுல முதல் வரிசையில இருந்துச்சு. சேர்ந்து எழுதறதும் வாக்கியம் சேர்க்கிற பயிற்சியும்கூட உதவிச்சு. தனியா இலக்கணப் பாடம் மட்டும் நடத்தினது எழுத்துத் தரத்தைக் கூட்டவே இல்ல. அவங்க பாத்தது பெரும்பாலும் ஆங்கிலத்துல நடந்த ஆய்வுகளைத்தான், ஆனா காரணம் எந்த மொழிக்கும் பொருந்தும்னுதான் எனக்குப் படுது. தனக்குச் சொல்ல ஏதோ இருக்கும்போதுதான் பிள்ளைக்கு இலக்கணம் தேவைப்படும், அப்ப அந்த வாக்கியத்தை வெச்சே சொல்லிக்குடுத்தா ஒட்டும்.

நாப்பது நோட்டு இருக்கு. இப்படி ஒவ்வொண்ணையும் எப்படித் திருத்த முடியும்?

ஒவ்வொண்ணையும் முழுசா திருத்தாதீங்க. பக்கம் பூரா சிவப்பு மையா திரும்பி வந்த நோட்டை எந்தப் பிள்ளையும் படிக்கிறதில்ல, மூடி பைக்குள்ள வெச்சுடுது. இந்த வாரம் ஒரே ஒரு விஷயம்தான் பாப்பேன்னு முன்னாடியே சொல்லிடுங்க, உதாரணமா "பத்திக்கு ஒரு கேள்வி". அதை மட்டும் பாருங்க, ரெண்டு இடத்துல ஓரத்துல கேள்வி எழுதுங்க. "தெளிவில்லை"ன்னு எழுதினா பிள்ளைக்கு என்ன பண்றதுன்னு தெரியாது, "எடை இழுத்தா விரல் ஏன் பூட்டிக்கும்?"னு கேட்டா பதில் எழுதியே ஆகணும், அந்தப் பதில்தான் திருத்தம்.

மார்க் போட்டா போட்டி போட்டு எழுதுவாங்க இல்ல?

1988ல ரூத் பட்லர் பண்ண ஆய்வுல கருத்து மட்டும் எழுதித் தந்த பிள்ளைங்க அடுத்த தடவை முன்னேறினாங்க, கருத்தோட மார்க்கும் சேர்த்துத் தந்த பிள்ளைங்ககிட்ட அந்த முன்னேற்றம் வரல. மார்க்கைப் பாத்ததும் கண்ணு கருத்துக்குப் போறதில்ல, யோசிச்சுப் பாத்தா நாமும் அப்படித்தானே. கடைசி டிராஃப்ட்டுக்கு மட்டும் போடுங்க. பள்ளியில போட்டே ஆகணும்னா ரெண்டு நாள் தள்ளிச் சொல்லுங்க, அதுக்குள்ள கருத்தைப் பாத்து திருத்திக்கட்டும்.

மாத்தி மாத்திப் படிக்கச் சொன்னா "சூப்பர்"னு எழுதிட்டுக் குடுத்துடறாங்க

"எப்படி இருக்கு"ன்னு கேட்டா அந்தப் பதில்தான் வரும். கேள்வியை மாத்துங்க: "படிச்சதுல நீ புதுசா தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணு எழுது, இன்னும் புரியாதது ஒண்ணு எழுது". முதல் பதிலை எழுத முடியலன்னா கட்டுரைல தகவல் இல்லன்னு அர்த்தம், எழுதினவனுக்கே அது உறைக்கும். மேல சொன்ன பென்சில் கோடு முறையையும் இதோட சேர்த்துக்கலாம்.

நடுவுல தன் கருத்தை நுழைச்சுடறான். "வௌவால் அருவருப்பானது"ன்னு எழுதியிருக்கான்

அதை எழுதக் கூடாதுன்னு தடை போடறதை விட, "இதை சரிபார்க்க முடியுமா?"ன்னு கேக்கப் பழக்குங்க. வௌவால் பாலூட்டிங்கறதை சரிபார்க்கலாம், அருவருப்புங்கறதை முடியாது. "பலர் வௌவாலைக் கண்டு பயப்படுகிறார்கள்"னு எழுதினா அது தகவல் பக்கம் வந்துடும், அடுத்து "ஏன்?"னு கேட்டா நல்ல பத்தி ஒண்ணும் கிடைக்கும்.

தகவலே தப்பா எழுதிட்டு வந்தா? எனக்கே எல்லாம் தெரியாதே

எல்லாம் தெரிஞ்சிருக்கத் தேவையில்ல, எதைச் சந்தேகப்படணும்னு தெரிஞ்சா போதும். எல்லாரும் சொல்றதுதான் முதல்ல சரிபார்க்க வேண்டியது. ஒட்டகத் திமில்ல தண்ணி இருக்குன்னு எழுதுவாங்க, இருக்கிறது கொழுப்பு. வௌவாலுக்குக் கண்ணு தெரியாதும்பாங்க, நல்லாவே தெரியும், பழம் தின்னற பெரிய வௌவால்கள்ல பெரும்பாலானது கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் இரை தேடுது. நிலாவுலேர்ந்து பாத்தா சீனப் பெருஞ்சுவர் தெரியும்னு எத்தனையோ கட்டுரையில வந்தாச்சு. நிலா சராசரியா 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அங்கேர்ந்து சில மீட்டரே அகலம் இருக்கிற சுவர் எப்படித் தெரியும்? 2003ல பூமியைச் சுத்திட்டு வந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவெய், அவ்வளவு கிட்டேர்ந்தே தன் கண்ணுக்குத் தெரியலன்னு சொன்னார்.

ஒண்ணை ஒண்ணு பாத்துக் காப்பி அடிக்காத ரெண்டு இடத்துல ஒரே தகவல் இருந்தா எழுதுன்னு ரூல் வெச்சுக்குங்க. எண்ணுக்கும் இது பொருந்தும். எண்ணை வெறுமனே விடாம அளவு புரியற மாதிரி சொல்லவும் பழக்குங்க: சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரம்னு எழுதினா யாருக்கும் எதுவும் தோணாது, அங்கேர்ந்து கிளம்பின ஒளி நம்மகிட்ட வர 8 நிமிஷத்துக்கு மேல ஆகுது, நிலாவுலேர்ந்து வர 1.3 விநாடிதான்னு சேர்த்து எழுதினா தூரம் உறைக்கும்.

முடிவுரைல "எனவே வௌவாலைக் காப்போம்"னு முடிக்கிறா. வேற எப்படி முடிக்கிறது?

கட்டுரைல எங்கயும் வௌவாலுக்கு ஆபத்துன்னு சொல்லாம கடைசில காப்போம்னா அது எங்கேர்ந்து வந்துச்சு? இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டதால இப்ப எது புரியுதுன்னு ஒரு வரி எழுதலாம், இல்ல இன்னும் மீதி இருக்கிற ஒரு நல்ல கேள்வியைச் சொல்லலாம். ஒரு பக்கக் கட்டுரைக்கு சொன்னதையே திருப்பிச் சொல்ற முடிவுரை தேவையே இல்ல, படிச்சவருக்கு இன்னும் மறக்கல.

ஏஐ கிட்ட கேட்டு எழுதிட்டு வந்துடறாங்க. இனிமே கட்டுரை சொல்லிக்குடுத்து என்ன பிரயோஜனம்?

கட்டுரை நமக்குத் தேவைங்கறதால பிள்ளையை எழுத வைக்கல, எழுதும்போது பிள்ளைக்கு விஷயம் புரியுதுங்கறதாலதான் எழுத வைக்கிறோம். அந்தப் புரிதலை வேற யாரும் அவனுக்காக வாங்கித் தர முடியாது. 2022 கடைசில சாட்ஜிபிடி வந்ததுலேர்ந்து இந்தக் கேள்வி நிறைய வருது, கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் எதுன்னும் கேக்கறாங்க. அதை நம்பி ஒரு பிள்ளையைத் திருடன் ஆக்கிடாதீங்க, அது தானே எழுதின பிள்ளையையும் தப்பா காட்டும்.

வேலை நடக்கிற விதத்தை மாத்துங்க. கேள்விச் சீட்டு, மூடி எடுத்த குறிப்பு, முதல் டிராஃப்ட், இது மூணும் வகுப்புலயே, கையால. முடிச்சதும் ரெண்டு நிமிஷம் பேப்பரைப் பாக்காம சொல்லச் சொல்லுங்க. தானே எழுதின பிள்ளை தடுமாறினாலும் சொல்லும். ஏஐயை முழுசா ஒதுக்கணும்னும் நான் சொல்லல, எட்டாவது பிள்ளை தான் எழுதின டிராஃப்ட்டைக் குடுத்து "இதைப் படிச்சா உனக்கு என்ன சந்தேகம் வருது"ன்னு கேட்டா அது நல்ல உபயோகம். ஆனா அது சொல்ற தகவலையும் ரெண்டு இடத்துல சரிபார்க்கற ரூலுக்குள்ள கொண்டு வந்துடுங்க, அது இல்லாததை இருக்கிற மாதிரியே சொல்லும்.

வாயால அழகா சொல்றான், எழுதச் சொன்னா ரெண்டு வரிதான். சோம்பேறித்தனமா?

சோம்பேறின்னு முடிவு கட்டிடாதீங்க. சில பிள்ளைங்களுக்கு எழுத்தை உருவாக்கறதே அவ்வளவு சக்தியை எடுத்துக்குது, யோசிக்க மிச்சம் இருக்கிறதில்ல. அவன் சொல்றதை ஃபோன்ல ரெகார்ட் பண்ணி அவனே கேட்டு எழுதட்டும், இல்ல டைப் பண்ணட்டும், இல்ல முதல் டிராஃப்ட்டை மட்டும் நீங்க எழுதிக் குடுங்க. அதுக்கப்புறமும் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைவெளி பெருசாவே இருந்தா கற்றல் குறைபாடு பாக்கறவங்ககிட்ட காட்டிடறது நல்லது, சீக்கிரம் தெரிஞ்சா பிள்ளைக்கு நிம்மதி.

என் பொண்ணு எழுதறதுல ஒரு தப்பும் இல்ல. பத்தி சரி, வாக்கியம் சரி, தகவல் சரி. ஆனா படிக்க உயிரே இல்ல. இதுக்கு என்ன பண்றது?

இதுதான் இருக்கறதுலயே கஷ்டமான கேள்வி, இவங்களை டீச்சர்கள் பெரும்பாலும் "நல்லா எழுதறா"ன்னு விட்டுடறாங்க. தப்பில்லாம எழுதற பிள்ளை பல தடவை தனக்கே ஆச்சரியம் இல்லாத இடத்துல நின்னுடுது. "ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் உண்டு"ன்னு எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிடுவா. அங்க அவளை நிறுத்துங்க. "மூணு எதுக்கு?"ன்னு கேளுங்க, பதில் நீங்க சொல்லாதீங்க.

தேடிப் போனா, ரெண்டு இதயம் செவுள்களுக்கு ரத்தம் அனுப்புது, மூணாவது உடம்புக்கு அனுப்புதுன்னு கண்டுபிடிப்பா. இன்னும் கொஞ்சம் தோண்டினா, நீந்தும்போது அந்த மூணாவது இதயம் துடிக்கிறதை நிறுத்திடுதுன்னு தெரியவரும், அதனால நீந்தினா சீக்கிரம் களைச்சுப் போயிடும், தவழ்ந்து போறதுதான் அதுக்கு வசதி. இப்ப அவகிட்ட இருக்கிறது ஒரு பத்தி, அதுவும் ஓடி வந்து உங்ககிட்ட சொல்லணும்னு அவளுக்கே தோணுற பத்தி. வாராவாரம் ஒரு கட்டுரைல ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து இப்படித் தோண்ட வைங்க. மத்த வரிகளையெல்லாம் அப்படியே விட்டுடலாம்.